டின்டேல்-பிஸ்கோ

செசில் ஏர்ல் டின்டேல்-பிஸ்கோ (1863–1949) காஷ்மீரில் கால்பந்தை அறிமுகப்படுத்திய ஆங்கிலேயப் பாதிரியார். ஸ்ரீநகர் மிஷன் பள்ளியின் தலைமையாசிரியர். அவர் பெயர்பெற்ற பந்தாட்டக்காரர் அல்லர். கேம்பிரிட்ஜில் படிக்கையில் படகுப் போட்டியில் சுக்கான் பிடித்தவர். 1884இல் ஆக்ஸ்போர்டை வென்ற படகில் இருந்தவர். பள்ளிச் சின்னத்திலும் துடுப்புகள் இடம்பெற்றன.

சர்ச் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1890இல் ஸ்ரீநகர் வந்தார். மாணவர்களில் பெரும்பாலோர் பண்டிதர் எனப்படும் காஷ்மீரப் பிராமணர் வீட்டுப் பிள்ளைகள். நீண்ட ஃபெரன் அங்கி, அதற்குள் காங்கிரி என்னும் கணப்புச் சட்டி, காலில் மரக்கட்டைச் செருப்பு. ஓடியாடுவது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். 1891இல் பம்பாயில் திருமணம் முடித்துத் திரும்பியபோது பிஸ்கோ ஒரு பந்து கொண்டுவந்தார். பந்து தோலாலானது என்றதும் பிள்ளைகள் பின்வாங்கினர்; தொட்டால் தீட்டு.

அவர் விடவில்லை. ஆசிரியர்கள் கையில் கம்போடு பிள்ளைகளை மைதானத்துக்கு ஓட்டிச் சென்றார்கள். வேடிக்கை பார்க்க ஊர் கூடியது. உதைக்க மாட்டோம் என்று நின்றவர்களைக் கம்பு நகர்த்தியது. ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் பந்து ஒரு பையனின் முகத்தில் பட்டது. தீட்டுப் பட்டுவிட்டதென்று அவன் அழ, ஆட்டம் நின்றது. கால்வாய்க்குக் கூட்டிப்போய் முகத்தைக் கழுவுங்கள் என்றார் பிஸ்கோ. கழுவி வந்ததும் ஆட்டம் தொடர்ந்தது. இவ்வளவும் அவரே எழுதிவைத்தது, நகைச்சுவையாகவே எழுதியிருக்கிறார். கம்புக்கு முன்னால் நின்றவர்களுக்கு அது நகைச்சுவையாக இருந்திருக்காது.

ஏறத்தாழ அதே காலத்தில் ஸ்பெயினிலும் பிரிட்டிஷார் பந்தை உருட்டிக்கொண்டிருந்தனர். ரியோ டின்டோ செப்புச் சுரங்கத்தை ஒட்டி வந்து குடியேறியவர்கள், ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் அலெக்சாண்டர் மக்கேயின் முன்முயற்சியில், 1889இல் வெல்வா நகரில் ரெக்ரியாதிவோ கால்பந்துச் சங்கத்தைத் தொடங்கினர். 1890 மார்ச்சில் செவில்லா அணி அவர்களை 2-0 என வென்றது. அங்கே பிரிட்டிஷார் தங்கள் பொழுதுபோக்குக்காக ஆடினார்கள். உள்ளூர்க்காரர்கள் பார்த்துப் பழகினார்கள். ஸ்ரீநகரிலோ ஆட்டம் பாடத்திட்டம்போல வந்தது. பிஸ்கோவுக்குப் பந்து ஒரு கருவிதான். நீச்சல், படகு, தீயணைப்பு, காலரா காலத்துத் தெருச் சுத்தம் எல்லாம் அதே கணக்கில் வந்தவை. சாதிப் பெருமையை உடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பேரரசின் பெருமையை அவர் கேள்வி கேட்டதில்லை.

1947இல் காஷ்மீரை விட்டுப் போனார். இரண்டு ஆண்டுகளில் தென் ரொடீசியாவின் சாலிஸ்பரியில் இறந்தார். பள்ளி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது.

ஆட்டம் பள்ளிச் சுவரைத் தாண்டி வளர்ந்தது. ஸ்ரீநகரின் அப்துல் மஜீத் கக்ரூ இந்திய அணித் தலைவரானார். மெஹ்ராஜுதீன் வாடூ மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் இரண்டுக்கும் ஆடினார். 2016இல் தொடங்கிய ரியல் காஷ்மீர் சங்கம், 2018இல் ஐ-லீக் என்னும் தேசியக் கால்பந்துப் போட்டிக்குத் தகுதி பெற்றது; ஜம்மு காஷ்மீரிலிருந்து அந்த நிலையை எட்டிய முதல் சங்கம் அது. அப்போதைய பயிற்சியாளர் டேவிட் ராபர்ட்சன், ரேஞ்சர்ஸ் அணிக்கு ஆடிய ஸ்காட்லாந்துக்காரர்.