குழாய் நின்ற எல்லை

சென்னைப் புறநகர் வீடுகளின் உப்புத் தண்ணீரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், ‘இந்தப் பக்கம் பூமி வாகு அப்படி’ என்ற பதிலோடு முடிந்துவிடுகிறது. மடிப்பாக்கம், மேடவாக்கம், சேலையூர், சிட்லபாக்கம் என எங்கும் இதே பேச்சுதான். மண்ணுக்கும் பாறைக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால், அந்தத் தண்ணீர் லட்சக்கணக்கான வீடுகளின் குளியலறை வரைக்கும் வந்து சேர்ந்ததற்குக் காரணம் பாறை மட்டும் இல்லை. மாநகராட்சி எல்லையோடு நின்றுபோன குழாயும், அந்த எல்லைக்கு வெளியே தூர்க்கப்பட்ட ஏரிகளும் சேர்ந்து எழுதிய வரலாறு அது.

உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் கடினநீர்; அதாவது கால்சியமும் மெக்னீசியமும் அதிகமாகக் கரைந்த நீர். சோப்பு இந்த உலோகங்களோடு சேர்ந்து கரையாத பிசுக்காகத் திரிவதால் நுரை வருவதில்லை. அந்தப் பிசுக்கு தலைமுடியிலும் வேட்டி ஓரத்திலும் வாளியின் உட்புறத்திலும் ஒட்டிக்கொள்கிறது. துவரம்பருப்பு குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் மசியாமல் நிற்பதற்கும் இதுவே காரணம்: பருப்பின் செல்களைப் பிணைக்கும் பெக்டினைக் கால்சியம் இன்னும் இறுக்கிவிடுகிறது. ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுவது பல அடுக்களைகளில் பழக்கமானது அதனால்தான். நீர் சூடாகும்போது கால்சியம் பைகார்பனேட் சிதைந்து சுண்ணாம்பாகப் படிகிறது. கீசரின் கம்பிச்சுருளைச் சுற்றி அந்தப் படிவு கெட்டியாக ஏற ஏற, வெப்பம் நீருக்குப் போகாமல் சுருளிலேயே தங்கும். மின்கட்டணம் கூடும், பிறகு சுருள் எரிந்துபோகும். குழாய் முனையின் சல்லடை அடைபடுவதும் தரை ஓட்டில் வெள்ளைக் கறை படிவதும் வாரந்தோறும் ஆசிட் ஊற்றித் தேய்ப்பதும் இதன் தொடர்ச்சிகள். தேய்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதால், இந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

பழைய சென்னைக்கும் நல்ல தண்ணீர் எளிதில் கிடைத்துவிடவில்லை. கிணறுகள் பலவும் உவர்த்திருந்த கடற்கரை ஊர் அது. கோட்டைக்காக 1772-ல் ஏழுகிணறுத் திட்டம் வந்தது. பின்னர் கொசஸ்தலையாற்று நீரைத் தாமரைப்பாக்கம் அணையில் திருப்பி, சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியாக நகருக்குக் கொண்டுவரும் பணி 1872-ல் முடிந்தது. 1914-ல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையமும், 1944-ல் பூண்டி நீர்த்தேக்கமும் வந்தன. நிலத்தடியில் நெடுங்காலம் கிடக்காத இந்த மழைநீரில் உப்பு குறைவு. நகரத்தின் நிலத்தடி நீர் மோசமாக இருந்தும் நகரவாசியின் பருப்பு வெந்தது என்றால், பொதுப்பணத்தில் போட்ட பொதுக்குழாய்தான் காரணம். 2011 வரை 174 சதுர கிலோமீட்டர் என்ற மாநகராட்சிப் பரப்புக்குள் அந்த வசதி ஏறக்குறைய அடங்கிவிட்டது. பாலாற்று ஊற்றுக் கிணறுகளிலிருந்து தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் கொஞ்சம் நீர் வந்ததைத் தவிர, தெற்கே விரிந்த மனைப் பிரிவுகளுக்கு மனை வாங்கியவர் தோண்டிய கிணறே கதியாயிற்று.

அந்தக் கிணறு தொடக்கத்தில் இவ்வளவு உவர்க்கவில்லை என்பதே கவனிக்க வேண்டிய செய்தி. ஏரிகள் மாவட்டம் என்று பெயர் பெற்ற பழைய செங்கல்பட்டின் பகுதிதான் இது. வேளச்சேரி, மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், சேலையூர் என ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஏரி. ஏரி நிறைந்தால் கரையடிக் கிணறுகளில் மழைநீர் ஊறும். குடிக்க ஒரு கிணறு, புழங்க ஒரு கிணறு என்று ஊர்கள் பிரித்து வைத்திருந்தன. உவர் கிணற்றையும் சமாளிக்கும் பொருட்கள் வீட்டிலேயே இருந்தன. சீயக்காயும் அரப்பும் கால்சியத்தோடு சோப்பைப் போல் திரிவதில்லை. வண்ணார் பயன்படுத்திய உவர்மண்ணிலுள்ள சோடியம் கார்பனேட் கால்சியத்தைப் பிரித்துப் படியவைத்து நீரை மென்மையாக்கும். வேதியியல் பாடம் படிக்காமலேயே அவர்கள் கையாண்ட இந்தத் தொழில்நுட்பத்துக்கு உரிய மரியாதையை நாம் இன்னும் கொடுக்கவில்லை. பிறகு குளியலறைக்குள் சோப்பு வந்தது, துவைக்க 1959-ல் சர்ஃப் வந்தது, ஏரிகள் மனைகளாயின. வேளச்சேரி ஏரியின் பெரும்பகுதி போயிற்று. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பத்தில் ஒரு பங்களவுக்குச் சுருங்கியது. கிணறு வற்ற, ஆழ்துளை இறங்கியது. ஆழத்தில் பாறை வெடிப்புகளுக்குள் நெடுங்காலம் தங்கிய நீர், அதற்கேற்ப உப்புகளைக் கரைத்து வைத்திருக்கிறது.

பல்லாவரம், தாம்பரம் பகுதியின் அடியில் இருப்பது சார்னோக்கைட் என்ற கடும்பாறை, கிழக்கே கடல், இடையே சதுப்பு; யார் ஆண்டாலும் இந்த நீர் உவர்க்கத்தானே செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாறை நேற்று வந்ததல்ல. மாறியது, அதற்குள் இறங்கும் மழையின் அளவும் நாம் உறிஞ்சும் ஆழமும். 1987-ல் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தும் ஆழ்துளைகள் பெருகின.

கடினநீரால் உடலுக்குக் கேடில்லை என்பது அடுத்த மறுப்பு. இது பெருமளவு சரி. உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தை வைத்து இதற்கு வரம்பு எதையும் விதிக்கவில்லை. சிறுநீரகக் கல்லுக்கு இந்த நீரே காரணம் என்ற பரவலான நம்பிக்கையும் உறுதியாக நிறுவப்படவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்கிறது. அந்த ‘வேறு இல்லாவிட்டால்’ என்ற சலுகையிலேயே புறநகர் பல்லாண்டுகளாக வாழ்கிறது என்பதுதான் என் மனக்குறை. நோய் வரவில்லை என்பதற்காக, சோப்பும் மின்சாரமும் கேன் தண்ணீரும் எரிந்த கீசரும் சேர்ந்த செலவு இல்லாமல் போய்விடாது. குழாய் வந்த தெருவில் குறைவாகவும், வராத தெருவில் கூடுதலாகவும் வசூலிக்கப்படும் வரி அது.

எந்திரம் வைத்துக்கொண்டால் தீர்ந்தது என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆர்.ஓ. எந்திரம் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் உப்புநீரை வெளியே தள்ளும். அடுக்குமாடிகளில் வைக்கும் மென்னீராக்கிகளை மூட்டை மூட்டையாகக் கல்லுப்புக் கொட்டிக் கழுவ வேண்டும். இரண்டின் கழிவும் பெரும்பாலும் அதே மண்ணில் இறங்குகிறது. ஒரு வீட்டின் தீர்வு பக்கத்து வீட்டின் போர் தண்ணீரைக் கெடுக்கிறது. பொதுக்குழாயே தீர்வு என்று 1872-ல் நகரம் கண்டுகொண்ட உண்மைக்கு நேர் எதிர்த்திசையில் போகிறோம்.

2011-ல் மாநகராட்சி 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2013-ல் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. குழாய் மெல்ல எல்லை தாண்டுகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் போனபின், குளிக்கவும் துவைக்கவும் நிலத்தடி நீரே மிஞ்சும். 2003-ல் கட்டாயமாக்கிய மழைநீர்க் குழிகளில் எத்தனையோ இன்று சேறு அடைத்துக் கிடக்கின்றன. உங்கள் வீட்டுக் குழியைப் பருவமழைக்கு முன் தூர்வாருங்கள். உங்கள் பகுதியில் மிச்சமிருக்கும் ஏரிக்காக உள்ளாட்சியிடம் மனுக் கொடுங்கள்.