சீதன வீடு

கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவதே வழமை. அந்த வீடு மகளுக்குச் சீதனம். மூத்தவள் கரைசேர்ந்ததும் வாப்பாவும் உம்மாவும் இளைய குமர்களோடு அதே வளவிலோ அருகிலோ வேறொரு வீடு கட்டி ஒதுங்குவர். பிறகு அதுவும் அடுத்தவளுக்கு. முதுமையில் அநேகமாகக் கடைசி மகளோடுதான் சீவியம். மகனிடம் போகலாமென்றால் அது மருமகளின் வீடு. உம்மாவுக்கு அங்கே கால் கூசும்.

தாய்வழிக் குடிமுறையோடு ஒட்டி வளர்ந்த ஏற்பாடு இது. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் ஷரீஅத் பங்கீட்டை உறுதிசெய்தது. ஆனால், உயிரோடிருக்கும்போதே வீடும் வளவும் பெண்மக்களுக்குப் போய்விட்டால் மௌத்துக்குப் பின் பங்கிட என்ன மிஞ்சும்? சுமை இல்லையென்று நான் சொல்லவில்லை. நாலு குமர் பெற்றவர் ஆயுள் முழுக்கச் சுவர் எழுப்பினார். 1980களிலிருந்து பெண்பிள்ளைகள் பலர் மத்திய கிழக்குக்குப் போய்த் தம் வீட்டுக்குத் தாமே உழைத்தனர்.

2004இல் சுனாமி கரையோர வீடுகளை அள்ளிச் சென்றது. புதுவீட்டுப் படிவங்கள் ‘குடும்பத் தலைவர்’ யாரென்று கேட்டன. பல இடங்களில் உறுதி கணவன் பெயரில் வந்தது. உம்மாவழி வந்த வளவைக் கடலுக்குக் கொடுத்தவள் அந்த வீட்டில் குடியேறினாள். அதைத் தன் மகளுக்கு எழுதிக்கொடுக்க அவளுக்கு உரித்தில்லை.