சுழல் என்ஜினின் எண்ணெய்க் கணக்கு

காரில் என்ஜின் எண்ணெய் விரைவாகக் குறைவது பொதுவாகப் பழுதின் அடையாளமாகவே கருதப்படுகிறது. தேய்ந்த பிஸ்டன் வளையங்கள் எண்ணெயை எரியறைக்குள் விடுகின்றன என்பதே அதன் பொருள். ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் உருவாக்கிய ஸ்போர்ட்ஸ் கார்கள் இவ்விதிக்கு விலக்கு.

ஃபெலிக்ஸ் வாங்கெலின் கருத்தில் பிறந்த சுழல் என்ஜினில் பிஸ்டனுக்கு மாற்றாக முக்கோணச் சுழலி உண்டு. அதன் முனைகளிலுள்ள அடைப்புப் பட்டைகள் உறையின் உட்சுவரை இடையறாது உரசுகின்றன. தொடக்கச் சோதனைகளில் அச்சுவரில் விழுந்த தழும்புகளை மாஸ்டா பொறியாளர்கள் ‘பேயின் நகத்தடம்’ என்றனர். கெனிச்சி யமமோட்டோவின் குழு கரிமமும் அலுமினியமும் சேர்ந்த பட்டைகளால் அச்சிக்கலைத் தீர்த்தது. 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது.

ஆயினும் பட்டைகளுக்கு உயவு வேண்டும். 1978இல் வெளிவந்த ஆர்எக்ஸ்-7இல் ஒரு சிறு பம்பு எண்ணெயை அளந்து எரியறைக்கு அனுப்பியது. அது எரிபொருளோடு எரிந்து தீர்ந்தது. எனவே அளவுகோலை அடிக்கடி உருவிப் பார்த்து எண்ணெய் ஊற்றுவது உரிமையாளரின் கடமையாயிற்று. நெடுந்தூரம் ஓடியும் மட்டம் இறங்கவில்லையெனில், பம்பு செயலிழந்ததோ என்ற ஐயம் எழும்.

எண்ணெய் எரிவது புகைமாசையும் கூட்டியது. மாசு விதிகள் இறுகிய காலத்தில், 2012இல் ஆர்எக்ஸ்-8 உற்பத்தி முடிவுக்கு வந்தது. என்ஜினைக் காத்த ஏற்பாடே அதற்கு இடராகவும் அமைந்தது.