மார்கழியில் போன புளிச்சோறு

இந்த மலருக்கு எங்க குழுவோட வரலாற்றை எழுதச் சொல்லி, எங்க ஊக்குநர் அக்கா பழைய தீர்மானப் புத்தகங்களை எங்கிட்ட கொடுத்தாங்க. கரையான் அரிச்சது போக மிச்சம் இருந்ததைப் படிச்சேன். 2004 டிசம்பர் மாசத்துப் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருக்கு: "சுனாமி நிவாரணத்துக்கு உறுப்பினர்கள் அரிசி கொடுத்தனர்." கீழே பதினாறு பேர் கையெழுத்து. அதில் அஞ்சு கைநாட்டு. எங்க அம்மா கையெழுத்தும் இருக்கு.

நான் அப்போ ஒன்பதாவது படிச்சேன், அரையாண்டு லீவு. மாமா மகனைக் கட்டிக்கிட்டு இதே ஊரிலேயே இருக்கிறதால எனக்கு எதுவும் மறக்கலை. அந்த ஒரு வரியைத்தான் இங்கே விரிச்சு எழுதுறேன்.

நம்ம தமிழ்நாட்டில் சுயஉதவிக்குழு 1989ல தர்மபுரியில் ஆரம்பிச்சது. 1997க்கு அப்புறம் மகளிர் திட்டம் மூலமா மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. புவனகிரி பக்கத்தில் இருக்கிற எங்க ஊருக்கு வந்தப்போ மாசம் இருபது ரூபாய் சந்தா. அது கட்ட முடிஞ்சவங்கதான் சேர்ந்தாங்க.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மார்கழிப் பௌர்ணமி. காலையில் ஆறரை மணிக்குச் சுமத்ரா தீவுகிட்ட கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. ரெண்டு மணி நேரத்துக்கு மேல கழிச்சு அலை நம்ம கரைக்கு வந்தது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் போயிட்டாங்க. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல, நம்ம கடலூர் மாவட்டத்தில் 600க்கு மேல. பண்டிகைக்கு வேளாங்கண்ணி வந்திருந்த வெளியூர்க்காரங்களும் அதில் உண்டு. சுனாமிங்கிற வார்த்தையே எங்களுக்குத் தெரியாது. "கடல் ஊருக்குள்ள வந்துடுச்சாம்"னுதான் முதலில் கேள்விப்பட்டோம். அப்புறம் சனங்க ஈரத்துணியோட, செருப்புகூட இல்லாம, ரோட்டில் மேற்கே பார்த்து வர ஆரம்பிச்சாங்க.

பரங்கிப்பேட்டையில் ஜமாத்துக்காரங்க கல்யாணத்துக்குச் சமைச்ச சாப்பாட்டை அப்படியே மீனவக் குப்பத்து ஜனங்களுக்குக் கொடுத்தாங்க. அப்புறம் பல நாளைக்கு அவங்களே ஆக்கிப் போட்டாங்க. இந்தச் சேதி எங்க ஊருக்கு வந்ததும்தான் எங்க தலைவி அத்தை வீடு வீடாப் போனாங்க.

மார்கழியில் பத்தாயத்தோட அடி தெரியும். சம்பா அப்போதான் கதிர் வாங்கி நிக்கும், அறுப்பு தையில்தான். பொங்கலுக்குன்னு ஒதுக்கி வச்ச அரிசிதான் எல்லார் வீட்டிலும் இருந்தது. அம்மா அதிலிருந்து ரெண்டு மரக்கால் அளந்தாங்க. அப்பா திண்ணையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தார், ஒண்ணும் சொல்லலை. கெடாம இருக்கும்னு புளிச்சோறு கிளறுறதுன்னு முடிவு பண்ணினாங்க.

இங்கே ஒரு விஷயம் நடந்தது. எழுதலாமான்னு யோசிச்சேன், நடந்ததைத்தானே எழுதணும். கீழத்தெருப் பொம்பளைங்க பத்துப் பேர் அரிசியும் விறகும் தூக்கிக்கிட்டு வந்து, "நாங்களும் சேர்ந்து கிளறுறோம்"னாங்க. எங்க தெருவில் ரெண்டு மூணு பேர், "அரிசியாக் குடுத்துட்டுப் போங்க, போதும்"னு சொல்லிட்டாங்க. எங்க அம்மா வாயே திறக்கலை. கீழத்தெருவில் ஒரு அத்தை, நாத்து நடுற கூலிக்காரங்க, குழுவிலேயும் இல்லாதவங்க, அரிசி மூட்டையைத் திரும்பத் தலையில் வச்சுக்கிட்டு, "பசிச்சவங்ககிட்டப் போய்ச் சேரணும், அவ்வளவுதானே"ன்னு நடந்துட்டாங்க. அவங்க தெரு வேப்பமரத்தடியிலேயே அடுப்பு மூட்டினாங்க. டிராக்டர் வந்தப்போ ரெண்டு அண்டாவும் ஒரே பெட்டியில் ஏறிச்சு. கரையில் இலையை நீட்டினவங்க யாரும் எந்த அண்டாச் சோறுன்னு கேட்கலை. சாயங்காலம் காலி அண்டா ரெண்டும் அதது தெருவுக்குப் போயிடுச்சு.

துணி கதை வேற. எங்கெங்கிருந்தோ லாரி லாரியாப் பழைய துணி வந்து ரோட்டோரம் கிடந்தது. கிழிஞ்ச சட்டை, சாயம் போன சேலை. உழைச்சுச் சாப்பிட்ட ஜனம், அதை எப்படி எடுத்து உடுத்தும்? டிராக்டரில் போன அந்தக் கீழத்தெரு அத்தைதான் ஒரு பொண்ணுகிட்ட ஒதுக்குப்புறமா உட்கார்ந்து கேட்டுட்டு வந்தாங்க. பாவாடையும் மாசாந்திரத் துணியும்தான் அவங்களுக்கு அவசரம்னு. ஆம்பளைங்க நிக்கிற இடத்தில் அவங்க யாரிடம் கேட்பாங்க? மறுநாள் எங்க தலைவி அத்தை, குழுக் கடனில் வாங்கின தையல் மிஷினில் ராத்திரி பூராவும் பாவாடை தைச்சாங்க. நான் நாடா கோத்துக் கொடுத்தேன். பொங்கலுக்கு எடுத்த சேலையை அம்மா மடிப்புக் கலையாமக் கொடுத்தனுப்பினாங்க. இதெல்லாம் தீர்மானப் புத்தகத்தில் இல்லை.

எங்க ஊருக்கு வாரம் ரெண்டு தடவை கூடையோட வர்ற மீன்கார அம்மாவைத் தேடித்தான் அம்மா ரெண்டாம் நாள் டிராக்டரில் ஏறினாங்க. அவங்களுக்கு அம்மா 35 ரூபாய் மீன் பாக்கி. எந்த முகாமிலும் பார்க்க முடியலை. அந்த 35 ரூபாயை முடிஞ்சு சாமி படத்துக்குப் பின்னாடி வச்சாங்க. அந்த வருஷப் பொங்கலுக்கு எங்க தெருவில் யாரும் கோலத்துக்குக் கலர் போடலை.

பங்குனியில் ஒருநாள் காலையில், "மீனேய்"னு குரல் கேட்டது. அதே அம்மாதான், பாதியா இளைச்சு. மகளோட கைக்குழந்தையைக் கடல் கொண்டு போயிடுச்சாம். ஆனா யாரும் மீன் வாங்கலை. பொணத்தைத் தின்ன மீனுன்னு அப்போ எல்லா ஊரிலும் ஒரு பேச்சு. எங்க தெரு முழுக்கக் கூவிட்டு, கீழத்தெருவுக்குத் திரும்பினாங்க. அந்த நடவு அத்தை வாசலுக்கு வந்து, "கூடையை இறக்கு"ன்னு சொல்லி அரைக் கிலோ நெத்திலி வாங்கினதை நான் பள்ளிக்கூடம் போற வழியில் பார்த்தேன்.

ஓடிப்போய் அம்மாகிட்டச் சொன்னேன். அம்மா முடிச்சை எடுத்துக்கிட்டுக் கீழத்தெருவுக்கே போனாங்க. மீன்கார அம்மா 35 ரூபாயையும் எண்ணி இடுப்பில் செருகிக்கிட்டு, எப்பவும் போல ஒரு கை நெத்திலியை அம்மா முந்தானையில் கொசுறாப் போட்டாங்க.