ஏழு பேர் தந்த வழி

கதை எழுதுகிறவனுக்குக் கணக்கு வராது என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே உள்ள ஆகாய வழிக் கணக்கு ஒன்று சில நாட்களாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் பாரிஸின் சார்லஸ் டி கால் விமான நிலையத்துக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பிரயாண நேரம் சுமார் ஒன்றேகால் மணி. அதிலும் ஆகாயத்தில் இருப்பது ஒரு மணிக்கும் குறைவுதான். ஆனால் முன்கூட்டியே போய் நிற்பது, சோதனை, வரிசை, இறங்கிய பின் நகரத்துக்குள் போவது எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். மூன்று, நான்கு மணி நேரம் ஆகிவிடும். கடலுக்கு அடியே சுரங்கத்தில் ஓடும் ரயிலோ நகரத்திலிருந்து நகரத்துக்கு இரண்டேகால் மணியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது!

இனி 1919ஆம் வருஷத்துக்குப் போவோம். ஆகஸ்டு 25ஆம் தேதி காலை, ஹீத்ரோவுக்குச் சற்றுத் தூரத்தில் உள்ள ஹௌன்ஸ்லோ மைதானத்திலிருந்து ஒரு சிறு விமானம் கிளம்பிற்று. யுத்தத்தில் குண்டு வீசப் பயன்பட்ட ரகம். அதைப் பிரயாணத்துக்காக மாற்றி அமைத்திருந்தார்கள். ஓட்டியவர் லாஃபோர்ட். பிரயாணி ஒரே ஒருவர், பத்திரிகைக்காரர். கூடவே பத்திரிகைக் கட்டுகள், தோல், பாலாடை, வேட்டைப் பறவைகள். சுமார் இரண்டரை மணி நேரத்தில் பாரிஸை அடுத்த லெ பூர்ஜேயில் இறங்கிவிட்டார்கள். அந்த இரு நகரங்களுக்கும் இடையே தினசரி விமானப் போக்குவரத்து அன்றுதான் ஆரம்பமாயிற்று.

அன்றும் மைதானத்துக்குப் போய்வரும் நேரம் தனிதான். இருந்தாலும் நூறு வருஷம் பாடுபட்டு மிச்சம் பிடித்தது இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது. 1922ஆம் வருஷக் கதையைப் படித்த பிறகுதான் என் கணக்கில் இருந்த பிழை புலப்பட்டது.

அக்காலத்து விமானிகளுக்கு வழிகாட்டியவை தரையில் தெரிந்த சாலைகளும் தண்டவாளங்களுமே. அந்த வருஷம் ஏப்ரல் 7ஆம் தேதி வட பிரான்சில் மூடுபனி. லண்டனிலிருந்து வந்த விமானமும் பாரிஸிலிருந்து வந்த விமானமும் ஒரே சாலையைப் பார்த்தபடி தாழப் பறந்துவந்து, நேருக்கு நேர் மோதிக்கொண்டன. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களுள் புதிதாகக் கல்யாணமாகி உல்லாசப் பிரயாணம் வந்த தம்பதிகளும் இருந்தார்கள். ஏவல் வேலைக்கு வந்த ஒரு சிறுவனும் இருந்தான்.

அதன் பிறகே, சாலையைப் பார்த்துப் பறப்பவர் அதன் வலப்புறமாகவே பறக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. விமானங்களில் வானொலி வேண்டும் என்றும் வற்புறுத்தினார்கள். இன்று உலகெங்கும் ஆபத்தில் சிக்கிய விமானி கூப்பிடும் 'மேடே' என்ற சொல் பிறந்ததும் இந்த வழியில்தான். 'எனக்கு உதவுங்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சு வார்த்தைகளின் ஒலி அது. லண்டனின் கிராய்டன் நிலையத்து வானொலி அதிகாரி மாக்ஃபோர்ட் 1920களில் அதைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலீஷ்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ஒருங்கே புரிய வேண்டுமல்லவா?

நான் நிமிஷங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வழியில் இன்று போகிறவர்கள் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று கவலைப்படுகிறார்கள். போய்ச் சேருவோமா என்று கவலைப்படுவதில்லை. மூடுபனியில் மறைந்த அந்த ஏழு பேரையும் கூட்டாமல் இந்தக் கணக்கை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.