ஆப்பிள் விழுந்த நாடகம்

1775 ஜனவரி 17. லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒரு புது நகைச்சுவை நாடகம்: ‘தி ரைவல்ஸ்’. எழுதியவர் ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடன், வயது 23. நாடகம் முடிகிற வழியாக இல்லை. கூட்டம் பொறுமையிழந்தது. ஐரிஷ்காரராக நடித்த ஜான் லீ மேல் ஓர் ஆப்பிள் பறந்துவந்து விழுந்தது.

நாடகத்தை நிறுத்திவிட்டு ஷெரிடன் வெட்டினார், திருத்தினார், லீக்குப் பதில் வேறு நடிகரைப் போட்டார். 28ஆம் தேதி மறுபடி மேடையேறியபோது அதே லண்டன் கைதட்டியது. ஆங்கில அணிகளின் பட்டியலில் ஒரு புதுப்பெயர் நுழைந்ததும் அந்த நாடகத்தின் வழியாகத்தான்: மாலப்ராபிசம்.

நாடகத்தில் மிஸஸ் மாலப்ராப் என்று ஒரு சீமாட்டி. பெரிய சொற்கள்மேல் அவளுக்குத் தீராத மோகம். பிடிவாதக்காரி ஒருத்தியை முதலையோடு ஒப்பிட வாயெடுப்பாள். ‘அலிகேட்டர்’ வரவேண்டிய இடத்தில் ‘அலிகரி’ வந்து நிற்கும். அலிகரி என்பது உருவகக் கதை. அதுவே ஓர் அணியின் பெயர்! அடைமொழிகளை அழகாக அடுக்கத் தெரிந்தவள் என்று பெருமையடிக்கப் போய், அங்கேயும் சொல் மாறி, கல்லறை வாசகங்களைக் கலைத்துப்போடுகிறவள் ஆகிவிடுவாள்.

இது வெறும் வாய்க்குளறல் இல்லை. நம்மூரில் ஒருவர், “மந்திரியிடம் என் பையனுக்கு ஒரு பொழிப்புரை செய்யுங்கள்” என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். பரிந்துரைதான் அவர் மனதில் இருப்பது. வந்த சொல் ஓசையில் பக்கத்து வீடு, பொருளில் வேற்றூர். சொல்கிறவருக்கோ துளிச் சந்தேகமும் இல்லை. அந்த நம்பிக்கைதான் சிரிப்பின் பாதி.

மீதிப் பாதியைக் காலம் கொடுத்தது. ஜான்சனின் ஆங்கில அகராதி 1755இல் வந்திருந்தது. ‘சரியான’ ஆங்கிலம் பேசுவது அந்தஸ்தின் அடையாளமாகிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லிக்கொடுத்தே பெயர் வாங்கியவர்களில் ஒருவர் தாமஸ் ஷெரிடன். ஊர் ஊராக உச்சரிப்புப் பாடம் நடத்தியவர், 1780இல் உச்சரிப்போடு கூடிய அகராதியே வெளியிட்டவர். ரிச்சர்டின் அப்பா! வாத்தியார் வீட்டுப் பிள்ளை தப்புத் தப்பாய்ப் பேசும் ஒருத்தியைப் படைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இந்தத் தவற்றை மேடைக்குக் கொண்டுவந்த முதல் ஆள் ஷெரிடன் இல்லை. 1600இலேயே அச்சான ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் டாக்பெரி என்கிற காவல்காரர் இதே வேலையைச் செய்கிறார். அவர் பெயரிலும் ஒரு சொல் உண்டு. ஆனால் அதைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஷெரிடனின் சாமர்த்தியம் பெயரில் இருந்தது. ‘மால் அ ப்ரோப்போ’ என்றால் பிரெஞ்சில் ‘இடத்துக்குப் பொருந்தாமல்’. ஆங்கிலேயர்கள் ஏற்கனவே கடன் வாங்கிப் புழங்கிய சொல்தான். குற்றம் பெயரிலேயே எழுதியிருந்ததால் ஒட்டிக்கொண்டது. 1814இல் கவிஞர் பைரன் ‘மாலப்ராப்’ என்பதை ஆளின் பெயராக இல்லாமல் தவற்றின் பெயராகவே எழுதிவிட்டார்.

சீமாட்டியின் பிறந்தவீடு இன்னும் கொஞ்சம் பின்னால் இருக்கிறது. ரிச்சர்டின் அம்மா பிரான்சஸ் ஷெரிடனும் எழுத்தாளர். ‘எ ஜர்னி டு பாத்’ என்று ஒரு நாடகம் எழுதினார். அதில் மிஸஸ் டிரைஃபோர்ட் என்ற பெண் இப்படியேதான் சொற்களை இடம் மாற்றிப் பேசுகிறாள். புகழ்பெற்ற நடிகர் டேவிட் காரிக் அந்த நாடகத்தை வேண்டாம் என்று திருப்பிவிட்டார். 1766இல் பிரான்சஸ் காலமானார். ஒன்பது ஆண்டு கழித்து மகனின் மேடையில் மிஸஸ் மாலப்ராப் வாய் திறந்தாள். அம்மாவின் நாடகத்தில் இன்று மிஞ்சியிருப்பது மூன்று அங்கம். அது அச்சேறியது 1902இல், மகனுடைய நாடகங்களின் தொகுப்பில், பின்னிணைப்பு மாதிரி.