பேய்க்கதைக்குத் தேதி குறித்தவர்கள்

அமானுஷ்ய மர்ம நாவல் ஒன்றைப் படித்து முடிக்கும் வாசகர் வாயிலிருந்து அடிக்கடி வரும் சொல், 'இவ்வளவுதானா?' கதை 1970களிலோ 80களிலோ நடப்பதாக இருந்தால் அலுப்பு இன்னும் கூடுகிறது. முந்நூறு பக்கம் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கும். கடைசி இருபது பக்கத்தில் சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பா டேப்ரிக்கார்டரும் கையுமாகப் பிடிபடுவார். இல்லாவிட்டால் யாருமே பிடிபடாமல், ஆவியே நேரில் வந்து வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போகும். விளக்கம் வந்ததும் பயம் செத்துவிடுகிறது, அதனால்தான் ஏமாற்றம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிக் காரணம்தான். விளக்கமே இல்லாத கதைகளும் இதே அளவு ஏமாற்றுகின்றனவே! இந்த ஏமாற்றத்துக்கு இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இங்கிலாந்தில் இருக்கிறது. அதைப் புரட்டினால், தகராறு பெரும்பாலும் கதையின் தேதியில் இருப்பது தெரிகிறது.

1764 டிசம்பர் 24 அன்று லண்டனில் வெளிவந்த 'தி காஸில் ஆஃப் ஒட்ரான்டோ'வைத்தான் ஆங்கிலத்தில் இந்த வகைக்கு முதல் நூலாகச் சொல்வது வழக்கம். கல்யாண நாளன்று அரண்மனை முற்றத்தில் ராட்சதத் தலைக்கவசம் ஒன்று எங்கிருந்தோ விழுந்து மாப்பிள்ளையை நசுக்கிக் கொல்வதில் கதை தொடங்குகிறது. எழுதியவர் ஹோரஸ் வால்போல், நாடாளுமன்ற உறுப்பினர், முன்னாள் பிரதமரின் மகன். ஆனால் அட்டையில் அவர் பெயர் இல்லை. 1529இல் நேப்பிள்ஸில் அச்சான பழைய இத்தாலிய நூல், வட இங்கிலாந்தின் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் நூலகத்தில் கிடைத்தது, இது அதன் மொழிபெயர்ப்பு என்று முன்னுரையில் கதை அளந்திருந்தார். விமர்சகர்கள் சகித்துக்கொண்டார்கள். இருண்ட காலத்து மனிதர்கள் அப்படித்தான் நம்பியிருப்பார்கள் என்று ஒதுக்கிவிட்டு, நடையைப் பாராட்டவும் செய்தார்கள். நூல் நன்றாக விற்கவே, 1765இல் வந்த இரண்டாம் பதிப்பில், எழுதியது நான்தான் என்று வால்போல் ஒப்புக்கொண்டார். முதலில் பாராட்டிய 'மன்த்லி ரிவ்யூ' இதழ் உடனே திரும்பிக்கொண்டது. பழங்காலத்தவருக்கு மன்னிக்கக்கூடிய மூடநம்பிக்கையை, படித்த இக்காலத்து மனிதர் ஒருவர் எழுதுவதா என்பது அதன் கோபம். கதையின் சம்பவத்திலோ தலைக்கவசத்தின் அளவிலோ மாற்றம் எதுவும் இல்லை. மாறியது எழுதப்பட்ட ஆண்டு மட்டும். பேயைப் பொறுத்துக்கொள்ள வாசகர் எவ்வளவு கால தூரம் கேட்கிறார் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று, யாராவது திட்டமிட்டுச் சோதனை நடத்தியிருந்தால்கூடக் கிடைத்திருக்காது.

அந்தப் பாடத்தை ஆன் ராட்கிளிஃப் வேறு விதமாகப் புரிந்துகொண்டார். 1794இல் வந்த அவருடைய 'தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ' 1584இல் நடக்கிறது. பேய்கள் ஏராளம், ஒவ்வொன்றுக்கும் கடைசியில் விளக்கமும் உண்டு. கோட்டையில் கறுப்புத் திரை போட்டு மூடிய ஒன்றை நாயகி எமிலி விலக்கிப் பார்த்து மயங்கி விழுவது இரண்டாம் தொகுதியில். அவள் கண்டது பிணம் அல்ல, அழுகிய பிணத்தின் வடிவில் செய்த மெழுகுப் பொம்மை, முன்னோர் ஒருவருக்குத் திருச்சபை விதித்த பிராயச்சித்தம் என்பது நான்காம் தொகுதி முடியும் தறுவாயில்தான் வாசகருக்குத் தெரியவரும். அத்தனை பக்கம் காத்திருந்தவருக்கு மெழுகு! ஜேன் ஆஸ்டின் 'நார்த்தாங்கர் அபே'யில் இதைக் கேலி செய்தார். நாயகி நள்ளிரவில் பழைய அலமாரியைத் திறந்து எடுக்கும் மர்மக் காகிதச் சுருள், விடிந்து பார்த்தால் சலவைக் கணக்கு. ஸ்காட்லாந்து நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் 1824இல் ராட்கிளிஃபைப் பற்றி எழுதியபோது, மற்றதையெல்லாம் மனமாரப் புகழ்ந்தும் இந்த ஒன்றைக் குறையாகச் சொன்னார்: எழுப்பிய பயத்துக்கு ஈடாகாத விளக்கத்தைக் கண்டதும் வாசகர் தாம் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார், மறுபடி படிக்கும்போது பழைய பயமும் போய்விடுகிறது.

அப்படிச் சொல்லும் தகுதி ஸ்காட்டுக்கு இருந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1814இல், 'வேவர்லி' நாவலில் அவர் மூன்றாவது வழி ஒன்றைக் காட்டியிருந்தார். நூலின் துணைத்தலைப்பே 'அறுபது ஆண்டுகளுக்கு முன்' என்பதுதான். கதை 1745ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துக் கலகத்தைப் பற்றியது. தாத்தா பாட்டி கண்ணால் பார்த்த காலம், அதாவது அண்மைய இறந்தகாலம். அதற்குள் ஒரு ஆவியை அவர் கொண்டுவந்தார். மலைநாட்டுக் குலத்தலைவன் ஃபெர்கஸின் வம்சத்தில், பேரிடர் வரும் முன் சாம்பல் நிற உருவம் ஒன்று தோன்றும் என்பது ஐதீகம். பிடிபடுவதற்கு முன் ஃபெர்கஸ் அதைப் பார்க்கிறான். கார்லைல் சிறையில், தூக்குமேடைக்குப் போகும் நாளின் முந்தைய இரவும், உயரத்து ஜன்னல் வழியே விழுந்த நிலா வெளிச்சக் கீற்றில் அது நின்றதாகச் சொல்கிறான். பக்கத்தில் வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் ஆங்கில நண்பன், களைப்பும் பரம்பரை நம்பிக்கையும் சேர்ந்து செய்யும் வேலை என்று மனத்துக்குள் நினைத்துக்கொள்கிறான். ஆவி உண்டா இல்லையா என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆவி அந்த மனிதனின் சாட்சியமாக மட்டும் நிற்கிறது. பிற்பாடு என்ன விளக்கம் வந்தாலும் அந்தச் சாட்சியத்துக்குச் சேதம் இல்லை.

விளக்கம் சொல்லியும் ஏமாற்றாத கதை உண்டா என்று கேட்டால், ஆர்தர் கானன் டாயிலின் 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். 'ஸ்ட்ராண்ட்' இதழில் 1901 ஆகஸ்ட் முதல் 1902 ஏப்ரல் வரை தொடராக வந்தது, ஆனால் நடப்பதோ 1889இல். ஷெர்லக் ஹோம்ஸை 1893இல் எழுதிய கதையிலேயே அருவியில் தள்ளிவிட்டபடியால், டாயில் காலத்தைப் பின்னால் நகர்த்த வேண்டியதாயிற்று. அந்த நெருக்கடியே அவருக்கு வாய்ப்பானது. கதைக்குள் மூன்று காலங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. பாஸ்கர்வில் குடும்பத்தைப் பேய்நாய் ஒன்று பழிவாங்கும் என்ற சாபத்துக்குக் காரணமான கொடுமை 1640களின் உள்நாட்டுப் போர்க் காலத்தது. அதை எழுதிவைத்த ஏடு 1742ஐச் சேர்ந்தது. கொலை நடப்பது ரயிலும் தந்தியும் ஓடும் 1889இல். பேய்நாய் முதல் இரண்டு காலங்களுக்குச் சொந்தம், துப்பறிதல் மூன்றாவதற்கு. லண்டன் ஹோட்டலில் அந்தக் குடும்பத்தின் வாரிசு சர் ஹென்றியின் புது பூட்ஸில் ஒன்று காணாமல் போகிறது. பிறகு பழைய பூட்ஸில் ஒன்று போகிறது, புதியது திரும்பக் கிடைக்கிறது. காலில் போடாத புது பூட்ஸில் மோப்பம் பிடிக்க மனித வாடை இருக்காதே. சாபத்து நாய்க்குப் பூட்ஸ் எதற்கு? இந்தக் குறிப்பு கதையின் தொடக்கத்திலேயே வாசகர் கண்ணெதிரில் கிடக்கிறது. கடைசியில் சுட்டு வீழ்த்திய நாயின் முகத்தில் கை வைத்ததும் விரல்கள் இருட்டில் ஒளிர்கின்றன, பாஸ்பரஸ். உண்மையில் அதைப் பூசிய நாய் தன்னைத் தானே நக்கியே செத்திருக்கும் என்று பின்னாளில் வேதியியல் தெரிந்தவர்கள் பரிகசித்தார்கள். நியாயமான பரிகாசம்தான். ஆனாலும் நாவல் அதனால் சரியவில்லை, ஏனென்றால் வாசகர் நம்பியது பூட்ஸை.

டாயில் பகுத்தறிவுவாதி, அதனால்தான் இப்படி எழுத முடிந்தது என்று யாராவது வாதிட்டால், வரலாறு அதற்கு இடம் தரவில்லை. 1893லேயே அவர் அமானுஷ்ய ஆற்றல்களை ஆராயும் சங்கத்தில் சேர்ந்துவிட்டார். 1916இல் ஆவிகளோடு பேச முடியும் என்ற நம்பிக்கையைப் பகிரங்கமாக அறிவித்தார். முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் மகனைப் பறிகொடுத்தவர். காட்டிங்லி என்ற ஊரில் சிறுமிகள் எடுத்த தேவதைப் படங்களை உண்மையென்று 1920இல் அதே 'ஸ்ட்ராண்ட்' இதழில் ஏற்று எழுதினார். இத்தனைக்கும் பிறகும் ஹோம்ஸ் கதைக்குள் ஒரு ஆவியைக்கூட நுழைய விடவில்லை. மாறாக, 'தி லாஸ்ட் வேர்ல்ட்' நாவலில் வந்த முரட்டுப் பேராசிரியர் சேலஞ்சரை 1926இல் 'தி லேண்ட் ஆஃப் மிஸ்ட்' நாவலில் ஆவி நம்பிக்கையாளராக மாற்றினார். ஆவி அங்கே நிஜம். ஆனால் சேலஞ்சர் வரிசையில் சுவை குன்றிய புத்தகம் எது என்றால் அதைத்தான் காட்டுகிறார்கள். எழுதிய ஆண்டுக்குப் பக்கத்திலேயே கதை நடந்தும், வாசகர் சோதித்துப் பார்க்க ஒரு பூட்ஸ்கூட அதில் இல்லை. எழுத்தாளரின் நம்பிக்கையை அப்படியே வாங்கிக்கொள்ளச் சொல்கிறது. விளக்கம்தான் பயத்தைக் கொல்கிறது என்ற கட்சிக்கு இந்த நூல் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த ஏமாற்றம் துப்பறியும் கதை படித்துப் பழகியவர்களின் நோய், பேய்க்கதை ரசிகருக்குக் கிடையாது என்று இன்னொரு மறுப்பும் வரும். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்து விதிகளில் அமானுஷ்யத்துக்கு இடமில்லை என்பது ஒன்று. வகுத்தவர் கத்தோலிக்கப் பாதிரியார் என்பது வேடிக்கை. அடுத்த ஆண்டு தொடங்கிய துப்பறியும் எழுத்தாளர் சங்கத்துக்கு, பாதிரியாரையே துப்பறிய வைத்த ஜி.கே. செஸ்டர்டன் தலைவரானார். உறுப்பினர் உறுதிமொழியிலும் தெய்வ வெளிப்பாட்டுக்குத் தடை. இதெல்லாம் வாசகரைப் பழக்கியது மெய்தான். ஆனால் 1765இல் முகம் சுளித்த விமர்சகருக்கும் 1824இல் குறைபட்ட ஸ்காட்டுக்கும் எந்த விதிப் புத்தகமும் இருந்ததில்லை. விதிகள் வந்த பிறகும் அவற்றுக்குள் நின்றே பயமுறுத்தியவர் உண்டு. அகதா கிறிஸ்டியின் 'தி பேல் ஹார்ஸ்' 1961இல் வந்தது. கிராமத்துச் சூனியக்காரிகள் மூவர் மந்திரம் போட்டால் ஊரில் ஆள் சாகிறார். நிஜக் காரணம் தாலியம் என்ற விஷம், தலைமுடி கொத்தாகக் கொட்டுவது அதன் அடையாளம். விஷம் எந்த வீட்டில் எந்தச் சாமான் வழியாகப் போகலாம் என்று அறிய, நுகர்வோர் கருத்துக்கணிப்பு என்று சொல்லிக்கொண்டு பெண் ஒருத்தி வீட்டுக்கு வீடு போய் என்ன பற்பசை, என்ன மருந்து என்று கேட்கிறாள். சூனியம் எந்தக் காலத்துக்கும் பொருந்தும், கருத்துக்கணிப்பு 1960கள் போன்ற நவீன காலத்துக்கே பொருந்தும். விளக்கத்தின் நம்பகம் கதைக்கு வெளியிலும் சோதிக்கப்பட்டது. 1977இல் கத்தாரிலிருந்து லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவந்த குழந்தையின் நோய் மருத்துவர்களுக்குப் பிடிபடாதபோது, இந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த செவிலியர் ஒருவர் தாலியமாக இருக்குமோ என்று சொன்னார். அதுவேதான்.

இப்போது எழுதுகிறவர்கள் 1970களையும் 80களையும் தேர்ந்தெடுப்பதில் பாதி சோம்பல் என்பது என் சந்தேகம். கைப்பேசி இல்லை, கண்காணிப்புக் கேமரா இல்லை, நாயகி தனியே மாட்டிக்கொள்ள வசதி. அந்தக் காலத்தில் என்ன இல்லை என்பதைப் பயன்படுத்துகிறார்களே தவிர, என்ன இருந்தது என்பதைத் தொடுவதில்லை. 1977இல் வட லண்டனின் என்ஃபீல்டில் வாடகை வீடு ஒன்றில் பேய் ஆட்டம் என்று செய்தி பரவியபோது, அங்கே கோட்டையோ கறுப்புத் திரையோ இல்லை. டேப்ரிக்கார்டர் இருந்தது, நாளிதழ்ப் புகைப்படக்காரர் இருந்தார், நாற்காலி நகர்ந்ததைப் பார்த்தேன் என்று எழுதிக்கொடுத்த பெண் போலீஸ் இருந்தார். சில சேட்டைகளைத் தாங்களே செய்ததாக அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒப்புக்கொண்டதும் பதிவாகியிருக்கிறது. பேய் உண்டு என்பவருக்கும் இல்லை என்பவருக்கும் அங்கே கைநிறையச் சான்று. அதே காலத்தில் நடக்கும் நாவல் ஒன்றில் யாருமே பத்திரிகைக்குச் சொல்லாமல், போலீஸைக் கூப்பிடாமல், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்காமல் ஆவி நடமாடினால், அந்த ஆண்டுகளில் வாழ்ந்த வாசகர் எப்படி ஒப்புக்கொள்வார்? அவரும் ஒரு சாட்சி அல்லவா.

பேயும் சாமியும் அன்றாடப் பேச்சில் புழங்கும் நம் ஊரில் இந்தக் கணக்குச் செல்லாது என்று தோன்றலாம். 'குமுதம்' இதழில் தொடராக வந்த சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. துப்பறியும் வழக்கறிஞர் கணேஷ் விஞ்ஞான விளக்கத்தைத் தேடுவார், அவருடைய உதவியாளர் வசந்த் பேய்தான் என்று அடித்துச் சொல்வான். கதையில் அந்த விளக்கமாக வரும் ஹாலோகிராம் என்ற முப்பரிமாண ஒளிப்பிம்பம், கண்டுபிடித்த டென்னிஸ் காபருக்கு 1971இல் நோபல் பரிசு வாங்கித் தந்த சங்கதி, வார இதழ் வாசகருக்கு அப்போது புத்தம் புதியது. எழுதியபோது அது நிகழ்காலக் கதை. இன்றைய வாசகருக்கு அதுவே அண்மைய இறந்தகாலக் கதையாகிவிட்டது. கல்லூரி ஆய்வகத்தில் லேசரைக் கையாண்ட ஒருவர், தோட்டத்து வெட்டவெளியில் அப்படி ஒரு பிம்பத்தை நடமாட வைக்க முடியுமா என்று கணேஷை மடக்கிக் கேட்கலாம். வசந்தை அப்படி மடக்க முடியாது.